இந்த வீட்டுக்குச் சமாதானம் சொல்ல வந்தவர்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்தபோது எங்கள் தெருவில் நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். எங்கள் சபைச் சேகரத்து வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். "சில வீடுகளில் இன்றைக்கும் இயேசுவுக்கு இடமில்லை." பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை, அன்றைக்கு ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்ன வீடு எங்களுடையது ஒன்றுதான். அதற்குக் கீழே வரிசையாக ஆமென் போட்டவர்களில் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

கேரல் குழு வந்தபோது மணி 1:40. குட்டியானை வண்டியில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஜெனரேட்டர், டிரம்ஸ். எங்கள் அம்மாவின் நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். ஞாபகம் போய் நான்கு வருஷம் ஆகிறது. சாயங்காலம் ஆனாலே பயம் வந்துவிடும். மாத்திரை கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, அன்றைக்கு அவர்கள் கண்ணயர பதினொன்றரை ஆகியிருந்தது. முதல் டிரம்ஸ் சத்தத்திலேயே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யாரு செத்துட்டா? அப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்களா?" என்று கேட்டார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதை எத்தனை தடவை சொன்னாலும் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்பதுபோல அழுவார்கள். அன்றைக்கும் அழுதார்கள்.

வாசலுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "தம்பி, பாட்டு பாடுங்க, ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், அம்மாவுக்கு முடியல." அவ்வளவுதான் சொன்னேன். பாட்டு பாதியில் நின்றது. காணிக்கைக் கவரை வாங்கிக்கொண்டார்கள். ஜெபம் பண்ணவில்லை. வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. ஸ்பீக்கரைப்பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. கவரை வாங்கத் தெரிந்தவர்களுக்கு உள்ளே வந்து அந்தக் கிழவியின் தலையில் கைவைத்து ஒரு வாக்கியம் ஜெபிக்கத் தோன்றவில்லையே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

லூக்கா 10:5-ல் ஆண்டவர் என்ன சொல்லி அனுப்புகிறார்? "ஒரு வீட்டில் பிரவேசிக்கிறபோது: இந்த வீட்டுக்குச் சமாதானமுண்டாவதாக என்று முதலாவது சொல்லுங்கள்." முதலாவது! அந்த வார்த்தையை நான் சேர்க்கவில்லை, வேதத்தில் இருக்கிறது. தெருவுக்குச் சொல்லுங்கள் என்றும் இல்லை, வீட்டுக்குச் சொல்லுங்கள் என்றே இருக்கிறது. கிறிஸ்துமஸ் சமாதானம் முதலில் வீட்டுக்குள் வர வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில், தேரிச் செம்மணலில் வளர்ந்தவள் நான். அங்கே கேரலுக்குப் பஜனை என்று பேர். முன்னால் ஒருவர் பெட்ரோமாக்ஸ் பிடித்து வருவார். ஆர்மோனியம், கஞ்சிரா, தாளம். பெரும்பாலும் கீர்த்தனைகள்தான். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் நம் திருநெல்வேலியில் பிறந்தவர்தானே, 1774-ல். அவருடைய பாட்டை எங்கள் ஊர்க்காரர்கள் சொந்தச் சொத்துபோலப் பாடுவார்கள். அந்த வருஷம் சாவு விழுந்த வீடு வந்தால் ஆர்மோனியப் பெட்டியை மூடிவிடுவார்கள். கஞ்சிராக்காரர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். சத்தமில்லாமல் உள்ளே போய்த் தரையில் உட்கார்வார்கள். சபை உபதேசியார் மெல்லிய குரலில் ஒரு பாட்டு எடுப்பார். "இந்த வீட்டுக்குச் சமாதானம்" என்று சொல்லி ஜெபித்துவிட்டு, சுக்குக் காப்பி கொடுத்தால் குடிப்பார்கள். எது துக்க வீடு, எங்கே பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்தக் கிழவருக்கு மூச்சிரைப்பு என்பதெல்லாம் புறப்படுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு நம் கையில் இருப்பது வீட்டு நம்பரும் ரசீது புத்தகமும்.

"வருஷத்தில் ஒரு நாள்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்பீர்கள். எது ஒரு நாள்? வாலிபர் கேரல் ஒரு நாள், ஓய்வுநாள் பள்ளி ஒரு நாள், பெண்கள் ஐக்கியம் ஒரு நாள், பாடகர் குழு ஒரு நாள். ஒலி மாசு விதிகள் 2000-ம் வருஷத்திலிருந்தே இருக்கின்றன. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கு அரசு தளர்வு கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. 1:40 எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் நான் சட்டம் பேசவில்லையே, போலீசுக்குப் போன் போடவில்லையே. கும்பிட்டுத்தானே கேட்டேன்?

"கோயில் கொடைக்கு விடிய விடிய ரேடியோ போட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பாய்" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். அதற்கும் போய்க் கேட்டிருக்கிறேன், ஐயா. போன ஆடியில் எங்கள் வாசலைப் பார்த்து வைத்திருந்த குழாய் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார்கள். அப்புறம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் பிள்ளை பெற்று 20 நாளான பெண் இருக்கிறாள். இந்துக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைப் பார்த்தேன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "பரவாயில்ல அக்கா, உங்க பண்டிகைதானே" என்றாள். எனக்கு நிற்க முடியவில்லை. பூமியிலே சமாதானம் என்று நாம் பாடிவிட்டுப் போனோம், அதை அவள் கைக்குழந்தையோடு விழித்திருந்து பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

"வாலிபப் பிள்ளைகள் ஏதோ ஊழியம் என்று வருகிறார்கள், இப்படிப் பேசினால் அதுவும் நின்றுவிடும்" என்று ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, சொன்னார்கள். இதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. உண்மைதான். ஆபீஸ் முடிந்து சாப்பிடாமல்கூட வருகிற பையன்கள் அவர்கள். கடைசி வீடுவரை தொண்டை கட்டப் பாடுகிறார்கள். என் மகனும் அப்படிப் போனவன்தான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் 70 வீடு என்று திட்டம் போட்டுக் கொடுத்த பெரியவர்களைத்தான் கேட்கிறேன். ஒரு வீட்டுக்கு நான்கு நிமிஷம் என்றால் அதில் எந்தப் பிள்ளைக்கு யார் முகத்தைப் பார்க்க நேரம் இருக்கும்?

"அந்த ஒரு நாள் அம்மாவை வேறு எங்காவது கொண்டுபோய் வைத்திருக்கலாமே" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பெத்லகேமில் கதவைச் சாத்தியவர்களும் வேறு எங்காவது போகச் சொல்லித்தான் சாத்தியிருப்பார்கள். என் வீட்டில் இயேசுவுக்கு இடமில்லை என்று எழுதிய குரூப்பிலேயே இதையும் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நம் வீடுகளில் டிசம்பர் எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறோமா? கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரம், அட்வெந்து நாட்களில், ஆல்டரில் ஊதா விரிப்பு போடுகிறோம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து தவக்காலத்துக்கும் அதே ஊதாதான். காத்திருக்கிற நிறம், மனந்திரும்புகிற நிறம். அந்த நான்கு வாரமும் நாம் காத்திருக்கிறோமா, ஓடுகிறோமா? வெள்ளையடிப்பு, துணி எடுப்பு, கேக், அச்சு முறுக்கு, தினம் ஒரு நிகழ்ச்சி. ராத்திரி ஒரு வீட்டில் நான்கு பேர் சேர்ந்து குடும்ப ஜெபம் பண்ணி எத்தனை நாள் ஆகிறது? அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பா போனபிறகு ஊரில் இருக்கிற வீட்டை வைத்து அண்ணனும் நானும் இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு டிசம்பரிலும் கேரல் வந்தது, பாட்டு வந்தது, கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுத்தார். "அண்ணன் எங்கம்மா, இந்த வருஷம் வரலையா?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன். மூன்றாம் வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது. 24-ம் தேதி சாயங்காலம் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வாசலில் ஸ்டார் எரியாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஜீரோ வாட் பல்பை மாற்றினான். "ஸ்விட்சைப் போடு" என்றான், போட்டேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு கீர்த்தனையை எடுத்தார்கள். பிள்ளைகள் பேர் மறந்துபோனவர்களுக்கு மூன்று சரணமும் வரிசை மாறாமல் வந்தது. அண்ணன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதான். நான் பார்த்த சமாதானம் அது. அதற்கு ஜெனரேட்டர் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செய்தியை அழியுங்கள் என்று கேட்கமாட்டேன். போட்டவருக்கே தோன்றினால் அழிக்கட்டும். அம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது இப்போது, அந்தமட்டில் நல்லது.

24-ம் தேதி ராத்திரி ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். அண்ணன் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிப்பான். அன்றைக்கு டிரம்ஸ் வாசித்த தம்பிக்கு இந்தப் பதிவு கண்ணில் பட்டால் வரட்டும், அவனுக்கு முந்திரிக்கொத்து தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். காலிங்பெல் அடிக்க வேண்டாம், கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். அம்மா விழித்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அடியை மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், மீதியை அவர்களே பாடிவிடுவார்கள்.