"நீ ஞாபகப்படுத்தியிருக்கலாமே"

போன வருடம் எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒருவன், மேற்படிப்புக்கு எழுதிய விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டான். "அனுப்பி வை, ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துடறேன்" என்றேன். மாடிப்படி இறங்கிக்கொண்டே சொன்னது. கடைசிப் படிக்கு வருவதற்குள் மறந்தும் போனது.

பத்து நாள் கழித்து அவனை எதிரில் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. கடைசித் தேதி முடிந்திருந்தது, திருத்தாமலே அனுப்பிவிட்டானாம். அப்போதும் என் வாயிலிருந்து முதலில் வந்தது மன்னிப்பு இல்லை. "ஒரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கலாமேப்பா" என்றேன். "நீங்க பிஸியா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்க்கா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இரவு வரைக்கும் கூடவே வந்தது. வாக்குக் கொடுத்தது நான். அதை நினைவில் வைத்திருக்கும் வேலையை மட்டும் அவன் தலையில் கட்டிவிட்டேன். நான் பார்ப்பேன் என்று நம்பி அவன் வேறு யாரிடமும் கேட்கவே இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. அன்றே "முடியாது" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு இன்னொரு வழி இருந்திருக்கும்.

தேர்தல் வாக்குறுதி, ஒப்பந்தம் போன்ற பெரிய வாக்குகளுக்கு சாட்சி உண்டு, காகிதம் உண்டு, தட்டிக் கேட்க ஆள் உண்டு. எனக்கு உறுத்துவது சில்லறை வாக்குகள். "நானே கூப்பிடறேன்." "அவர்கிட்ட நான் பேசிக்கறேன், நீ விடு." சொல்கிறவருக்கு அது பேச்சை முடித்து நகர ஒரு வழி. கேட்கிறவர் அன்று மாலையிலிருந்து போனைப் பார்க்க ஆரம்பிக்கிறார்.

"மனசுல நினைச்சு சொல்லல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று பிறகு சமாளிக்கலாம். ஜே. எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். "வாக்குத் தருகிறேன்" என்பது மனதுக்குள் இருப்பதைப் பற்றிய தகவல் இல்லை. சொல்வதே ஒரு செயல். செய்யும் எண்ணமே இல்லாமல் சொன்னாலும் அது வாக்குதான், கெட்ட எண்ணத்தோடு கொடுத்த வாக்கு, அவ்வளவே. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. தப்பிக்கும் கதவை அடைத்துவிட்டாரே மனிதர்!

சரி, எல்லோரும் ஏமாற்றவா சொல்கிறோம்? இல்லை. பாதி நேரம் நம் கணக்கே தப்பு. ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று 1994இல் வெளியானது. அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். எல்லாமே சொதப்பினால்? சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான கணிப்பே போதவில்லை என்றால், படியிறங்கும்போது வாயில் வந்த "ஞாயிற்றுக்கிழமைக்குள்" எந்த மூலைக்கு? ஆனால் கணக்குத் தப்பியது தெரிந்த நாளில் ஒரு வரி அனுப்ப முடியும். நான் அதையும் செய்யவில்லை. செய்யாததைவிட, சொல்லாமல் இருந்ததுதான் அவனை நிறுத்தி வைத்தது.

இன்னொன்று, "யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்" என்கிற அறிக்கைகள். அந்த "இருந்தால்" எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. "நீ ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்று நான் சொன்னதன் பெரியண்ணன் அது. புண்பட்டதை நிரூபிக்கிற வேலையும் புண்பட்டவருக்கே.

தம்பியிடம் மறுநாள், "மறந்தது நான், தப்பு என்னுது" என்று சொன்னேன். அவனுக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

போன வாரம் இன்னொரு பெண் இதே மாதிரி ஒரு உதவி கேட்டாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "இந்த மாதம் என்னால் முடியாதும்மா" என்றேன். முகம் லேசாக வாடியது. பத்து நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்.