50 பிஎஸ்ஐ ஹோஸ் இஎஃப்ஐ-க்குப் போதாது

"பழைய மஸ்டாங்கில் த்ராட்டில் பாடி இஎஃப்ஐ போட புது ஹோஸ் வேண்டாம், 30ஆர்7 ஹோஸே 50 பிஎஸ்ஐ தாங்கும், கிளாம்ப்பை நல்லா இறுக்கினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இஎஃப்ஐ என்பது கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு. 30ஆர்7 என்பது பெட்ரோல் ஹோஸின் தர எண், பிஎஸ்ஐ அழுத்தத்தின் அளவு. 50 என்ற எண் சரிதான். அதிலிருந்து வந்த முடிவுதான் ஆபத்து.

கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ போதும். இந்த வகை இஎஃப்ஐ கிட்கள் பலவும் 58 பிஎஸ்ஐ-யில் ஓடுகின்றன. 43-இல் ஓடும் கிட்டாக இருந்தாலும், மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் எங்காவது நசுங்கினால் அழுத்தம் ஏறிவிடும். போட வேண்டியது 100 பிஎஸ்ஐ-க்கான 30ஆர்9. பம்ப் டேங்குக்குள்ளே இருந்தால், பெட்ரோலில் மூழ்கும் துண்டுக்கு அதுவும் ஆகாது. 30ஆர்10 தான் வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் தேவைப்படுவது ஒரு ஜாண் நீளம்.

கிளாம்ப்பை இறுக்குவதும் தீர்வல்ல. பட்டையில் வெட்டுக் காடி உள்ள சாதாரண வார்ம் கிளாம்ப்பை (திருகு வைத்து இறுக்குவது) இறுக்க இறுக்க, காடியின் விளிம்பு ரப்பரை அறுக்கும். பட்டை வழவழப்பாக, ஓரம் மடிந்திருக்கும் இஎஃப்ஐ கிளாம்ப் வாங்குங்கள். ஸ்டீல் பைப்பை வெட்டி மொட்டையாக விட்டால் ஹோஸ் நழுவும். முனையில் புடைப்பு எடுத்து, கிளாம்ப்பை அதற்குப் பின்னால் உட்கார வையுங்கள். ஏஎன் ஃபிட்டிங் (மரை வைத்த பைப் இணைப்பு) என்றால், பைப் வாயை விரிக்கும் ஃப்ளேர் 37 டிகிரியில் இருக்க வேண்டும். பிரேக் பைப்புக்கான 45 டிகிரி கருவியில் எடுத்தால் கசியும்.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்ப்பை மட்டும் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள்.