அந்துப்பூச்சியை விட்டுவிட்டீர்களே

விலங்குகளின் நரம்புகளையும் நடத்தையையும் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், கும்மிருட்டில் எலியின் சலசலப்பை மட்டும் வைத்துக் கூகை அதைப் பிடிப்பதைக் கட்டுரையாளர் அருமையாக விளக்கியிருக்கிறார். ஆனால், நரம்புகள் எப்படி நடத்தையை உருவாக்குகின்றன என்று பேசிவிட்டு அந்துப்பூச்சியைத் தொடாமல் போனது எனக்குக் குறைதான்.

நாக்டுயிட் குடும்பத்து அந்துப்பூச்சிக்கு மார்பின் இருபுறமும் காது உண்டு. ஒவ்வொரு காதிலும் ஒலியை உணர இரண்டே நரம்பணுக்கள். ஒன்று கூர்மையானது, தொலைவில் வரும் வௌவாலின் மீயொலி (நம் காதுக்குக் கேட்காத மிகக் கீச்சான ஒலி) மெலிதாக எட்டினாலே துடிக்கும். பூச்சி எதிர்த்திசையில் திரும்பிப் பறக்கும். மற்றது மந்தம், ஒலி பலத்த பிறகுதான், அதாவது வௌவால் நெருங்கிய பிறகுதான் விழிக்கும். அந்த நேரத்தில் பறந்து தப்ப முடியாது. பூச்சி சிறகை மடக்கிக்கொண்டு தொப்பென்று விழும், இல்லையென்றால் தாறுமாறாகச் சுழலும்.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் ரோடர், சக ஆய்வாளர் ஆஷர் ட்ரீட்டுடன் சேர்ந்து 1950களில் இந்தக் காது நரம்பில் மின்முனை வைத்துத் துடிப்புகளைப் பதிவு செய்தார். ஆய்வகத்தோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கருவிகளை இரவில் வெளியே கொண்டுபோய், பறந்து திரியும் வௌவால்களைப் பூச்சியின் காது வழியாகவே கேட்டார்கள். கூண்டு எலியை மட்டும் வைத்து நடத்தையை ஆராய்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ட்ரீட் கண்ட இன்னொன்று: இப்பூச்சியின் காதில் குடியேறும் ஓர் உண்ணி, பெரும்பாலும் ஒரு காதை மட்டுமே அழிக்கும். இரண்டும் போனால் பூச்சியோடு உண்ணியும் வௌவாலின் வயிற்றுக்குத்தானே போகும்!