பேக்கிங் போட்டா சரியாயிருமுங்களா?

"பேக்கிங் போட்டா சரியாயிருமுங்க." பேக்கிங்னா ஜாயின்ட்ல ஒழுகாம இருக்க நடுவுல வைக்கற மெல்லிசான அடைப்பு. இந்த வார்த்தையை இனி எந்தப் பட்டறையில கேட்டாலும் அங்கேயே கத்திடுவேன். நாலு ஞாயித்துக்கிழமை போச்சு. அலுமினியப் பிளேட், ஆர்கான் வெல்டிங், கூலின்னு ஒன்பதாயிரம் ரூபாய் போச்சு. அப்பா ஓட்டின 76 மாடல் அம்பாசிடர் இன்ஜின் ஓட்டையில துணி அடைச்சு ஷெட்டுல நிக்குது.

அதுல இருக்கறது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிஎம்சி-ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட பி சீரிஸ் குடும்பம். 1955-ல வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே 1489 சிசி, இதே குடும்பம். அதுக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்கற கார்புரேட்டர் ரெண்டு, எஸ்யூ கம்பெனியோடது; நம்ம வண்டிக்கு ஒத்தைக் கார்புரேட்டர். நாலு சிலிண்டர் இருந்தாலும் மேல் மூடியான ஹெட்டுல, காத்தும் பெட்ரோலும் உள்ள போற இன்டேக் வழி ரெண்டுதான். ஒண்ணும் ரெண்டும் ஒரு வழியில மூச்சு வாங்கும், மூணும் நாலும் இன்னொரு வழியில. அந்த ரெண்டுக்கும் தனித்தனியா கார்புரேட்டர் வச்சு, நடுவுல ரெண்டையும் இணைக்கற ஒரு பேலன்ஸ் பைப் கொடுத்து, கார்புரேட்டரை ஹெட்டோட சேர்க்கற குழாயான மேனிஃபோல்டை வீட்டுலயே மாத்திக் கட்டணும்னு பத்து வருஷ ஆசை.

இந்த இன்ஜின்ல இன்டேக்கும் புகை வெளிய போற எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். ரெண்டு மேனிஃபோல்டும் ஹெட்டுல உக்கார்ற தட்டையான விளிம்புதான் ஃபிளேஞ்ச். பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கற ரெண்டு ஃபிளேஞ்சையும் ஒரே ஸ்டட் (ஹெட்டுல நட்டிருக்கற மரைக்கம்பி), ஒரே தடி வாஷர் அமுக்கிப் பிடிக்குது. வாஷர்ல பாதி இன்டேக் மேல, பாதி எக்ஸாஸ்ட் மேல. ரெண்டும் ஒரே தடிமன்ல இருந்தாத்தான் வாஷர் நேரா உக்காரும். ஒண்ணு மெலிஞ்சா வாஷர் சாஞ்சிடும், மெலிஞ்ச பக்கம் பிடிமானமே இருக்காது. நட்டை இன்னும் முறுக்கினா ஸ்டட்தான் அறுந்து வரும்.

அதனாலதான் எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்சை வெர்னியர்ங்கற அளவுகோல் வச்சு நாலு இடத்துல அளந்தேன். படம் வரைஞ்சேன். புது இன்டேக் ஃபிளேஞ்சுக்கான அலுமினியப் பிளேட்டை வேணும்னே கொஞ்சம் தடியா வாங்கிப் பட்டறையில கொடுத்தேன். சிவப்பு மையில எழுதினேன்: முதல்ல பிளேட்டைக் கனமான இரும்புல போல்ட் போட்டு இறுக்கிட்டு வெல்டிங், நல்லா ஆறினப்புறம் கழட்டி மில்லிங் (மெஷின்ல முகத்தைச் சமமாச் சீவறது), கடைசியா சொன்ன தடிமன். அலுமினியம் சூட்டுல வளையும்னு பட்டறைக்காரருக்கு நான் சொல்லித் தரணுமா?

அவர் என்ன செஞ்சார் தெரியுமா? முதல்லயே அளவுக்கு மில்லிங் பண்ணிட்டார். அப்புறம் எதுலயும் இறுக்காம டேபிள் மேல சும்மா வச்சு வெல்டிங் அடிச்சிருக்கார். பிளேட் வளைஞ்சிடுச்சு. வளைஞ்சதை மறைக்க முகத்தைக் கிரைண்டர்ல தேய்ச்சிருக்கார். அந்தக் கோடு கோடான தேய்மானத்தை விரல் நகத்தால தடவினாலே தெரியுது. ஒரு ஓரம் மத்ததை விட 0.9 மில்லிமீட்டர் மெலிசு. "அண்ணே, படத்துல என்ன எழுதியிருக்கு?"ன்னு கேட்டேன். படத்தைப் பார்க்கவே இல்ல. பேக்கிங் போட்டா சரியாயிருமுங்க!

இது கோயம்புத்தூருங்க. மோட்டாரும் பம்புசெட்டும் செஞ்சு நாடு முழுக்க அனுப்பற ஊரு. இங்க கைவேலை தெரியாம இல்ல. அதே பட்டறையில கம்பெனி ஆர்டருக்கு ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டர் வச்சு அளக்கறதை என் கண்ணால பார்த்தேன். ஒத்தை பீஸைத் தூக்கிட்டு வர்ற ஆளுன்னா மட்டும் அளவு வேண்டாம், படம் வேண்டாம், வாய்ப்பேச்சு போதும். என்னால தாங்க முடியாதது இதுதான். முடியாதுன்னு முதல் நாளே சொல்லியிருந்தா கும்பிட்டுட்டு வேற இடம் போயிருப்பேன்.

சரி, மாட்டித்தான் பார்ப்போம்னு மாட்டினேன். ஸ்டார்ட் ஆச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்காதப்ப ஓடற ஐடில் நிக்கவே இல்ல, தானா ஏறுது, திடீர்னு விழுது, முன்பக்கக் கார்புரேட்டர் வழியா திருப்பித் தும்முது. கீழேயே எக்ஸாஸ்ட் கொதிக்குது, அதனால பெட்ரோலோ ஸ்பிரேயோ அடிக்கப் பயந்து, இன்ஜின் சூடேறதுக்கு முன்னாடியே சோப்புத் தண்ணியைப் பிரஷ்ல தொட்டு ஜாயின்ட்ல தடவினேன். முதல் வழிக்கு மேல நுரை நின்ன இடம் தெரியல, உஸ்ஸுன்னு உள்ள இழுத்துக்கிச்சு. அந்த ஒரு நொடி மட்டும் இன்ஜின் சத்தம் சீரா வந்துச்சு. பிளக்கைக் கழட்டினா ஒண்ணும் ரெண்டும் சுண்ணாம்பா வெளுத்திருக்கு, மூணும் நாலும் கரி.

பார்க்க வந்த மெக்கானிக், "மிக்சர்ல பெட்ரோலை ஏத்தி விட்டா அடங்கிரும் சார்"ங்கறார். எங்க அடங்கும்? காத்து ஒழுகற இடம் அப்படியே இருக்கும், பின்னாடி ரெண்டு சிலிண்டர் பெட்ரோல்ல முழுகும், முன்னாடி ரெண்டுல எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இன்னொருத்தர் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிவிடச் சொல்றார். பெட்ரோல் பட்டா அது ஊறிப் பிஞ்சு உள்ள போகும். 2014-லயே மேற்கு வங்காளத்து உத்தரபாரா ஃபேக்டரியில அம்பாசிடர் தயாரிப்பு நின்னு போச்சு. இந்த ஹெட்டைக் கெடுத்துட்டு நான் எங்க போய்ப் புதுசு தேடுவேன்?

நேத்து அந்தப் பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினேன். "இன்னும் தடியா ஒரு பேக்கிங் வெட்டித் தர்றேனுங்க"ன்னார். வச்சுட்டேன்.

வேற பிளேட் வாங்கியாச்சு, வேற பட்டறையும் பேசியாச்சு. சனிக்கிழமை லீவு போட்டிருக்கேன். பிளேட் இரும்புல இறுகி, வெல்டிங் முடிஞ்சு, ஆறி, மில்லிங் ஏறி, என் வெர்னியர்ல அளவு காட்டற வரைக்கும் அந்த மெஷின் பக்கத்தை விட்டு நகரப் போறதில்ல.