முதல் கேமை எங்கிருந்து தொடங்குவது?

கேம் உருவாக்கும் ஆசையோடு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, கேம் செய்ய உதவும் மென்பொருள்களான எஞ்சின்களில் எதைக் கற்பது, யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கேம்களுக்கு, அவை நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வசூலிக்கப் போவதாக அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. அந்தக் கலக்கத்தில் பலர் இலவசமான, திறமூலமான (அதாவது நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய) கோடோவின் பக்கம் திரும்பினார்கள். இருபரிமாண கேமில் தொடங்குபவருக்கு நானும் கோடோவைத்தான் சொல்வேன். பதிவிறக்க வேண்டிய கோப்பு சிறியது. நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்துகளும் ஒழுங்காகத் தெரிகின்றன. (அதற்கு முந்தைய பதிப்புகளில் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.)

எஞ்சினை விடப் பெரிய சிக்கல் கேமின் அளவுதான். தனி ஒருவராக எரிக் பரோன் உருவாக்கிய விவசாய கேமான ஸ்டார்ட்யூ வேலியை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். 2016இல் வெளிவந்த அந்த கேமுக்குப் பின்னால் நான்கு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருந்தது என்பதையும், கணினி அறிவியல் பட்டம் பெற்றிருந்த அவர் அந்தக் காலத்தில் சியாட்டிலில் ஓர் அரங்கில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் அவர்களில் பலர் சொல்வதில்லை. விவசாயம், மீன்பிடித்தல், சுரங்கம், காதல், கல்யாணம் என்று அனைத்தையும் முதல் கேமிலேயே திணிக்க நினைப்பவருக்கு மூன்றாவது மாதத்தில் மிஞ்சுவது பாதி எழுதிய நிரலும் சலிப்பும்தான்.

அதற்குப் பதிலாக, ஒரே ஒரு சதுரத்தைத் திரையில் வைத்து அதைத் தாவச் செய்து பாருங்கள். பள்ளியில் படித்த ஈர்ப்பு விசையை அப்படியே எழுதினால் அது பலூனைப் போல மிதந்து இறங்கும். ஆகவே மேலேறும்போது ஓர் ஈர்ப்பும், கீழிறங்கும்போது அதைவிடக் கூடுதலான ஈர்ப்பும் வைப்பார்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிய பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாவலை அனுமதிப்பார்கள். இதற்குக் கயோட்டி டைம் என்று பெயர். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டால், அதை நினைவில் வைத்திருந்து, தொட்ட கணத்தில் தாவ வைப்பார்கள். இவை எதுவும் விளையாடுபவருக்குத் தெரியாது. தான் சரியான நேரத்தில் அழுத்தியதாகவே அவர் நம்புவார். இதையெல்லாம் செய்து முடித்து நண்பரின் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) திரையில் ஓட்டும்போது சதுரம் தறிகெட்டு ஓடினால், வேகத்தை டெல்டா டைமால், அதாவது முந்தைய படத்துக்குப் பின் கழிந்த நேரத்தால், பெருக்க மறந்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு தாவலுக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதால்தான் அதற்கு ஒரு வாரம் கொடுக்கச் சொல்கிறேன். தாவலையே மையமாகக் கொண்ட செலஸ்ட் கேமின் கதாநாயகியை இயக்கும் நிரலை அதன் உருவாக்குநர்களே நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டிருக்கிறார்கள். கோடோவில் தொடங்குபவரும் அதைப் படித்துப் பார்க்கலாம்.

அதே செலஸ்ட், 2015இல் ஒரு கேம் ஜாமில் (குறுகிய காலத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வில்) நான்கே நாளில் செய்யப்பட்ட சிறு கேமாகத்தான் பிறந்தது. முழு வடிவம் 2018இல் வந்தது. 2002 முதல் நடந்துவரும் லூடம் டேர் போன்ற ஜாம்களில் கலந்துகொள்வது, பரிசுக்காக இல்லாவிட்டாலும், முடிக்கும் பழக்கத்துக்காகவே பயன் தரும். தொடக்கத் திரை, இடைநிறுத்தம், ஒலி அளவு, தோற்றால் மீண்டும் தொடங்கும் வழி ஆகியவை இல்லாமல் கேம் முழுமை பெறுவதில்லை. கனவு காணும்போது இவை யாருடைய மனத்திலும் வருவதில்லை. ஓவியம் வராது என்பதும் சரியான காரணம் ஆகாது. கென்னி என்ற வடிவமைப்பாளர் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட கேம் படங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அளவறிந்து செய்ததற்கு நமக்கு நெருக்கமான சான்று வெண்பா. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த அந்த கேம், கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலறை வழியாகச் சொல்லி, ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதற்கு சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. கதை நீளவில்லை என்று யாரும் குறைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செய்து முடித்ததை இட்ச் தளத்தில் காசு செலவின்றி வெளியிடலாம். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். வருமானம் 1,000 டாலரைத் தொட்டால்தான் அது திரும்பி வரும். முதல் கேமுக்கு அந்தச் செலவு வீண். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். இட்சில் இரண்டு மூன்று சிறு கேம்கள் வெளியாகி, முன்பின் தெரியாதவர்கள் அவற்றை விளையாடிக் குறை சொல்லத் தொடங்கும் வரை, வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.