கூம்பு என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்

இன்று காலை ஃபேஸ்புக் என் பழைய பதிவு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து முன்னால் வைத்தது. தேதி 2014 ஜூலை 9, மதியம். பிரேசில் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற மறுநாள். நம் ஊர்க் கணக்கில் அந்த ஆட்டம் அதே தேதி நள்ளிரவு ஒன்றரை மணிக்குத்தான் தொடங்கியது. தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் பகிர்ந்திருந்தது ஒரு படம். பிரேசில் ஸ்ட்ரைக்கர் ஃப்ரெட் அந்த ஆட்டத்தில் எங்கெங்கே பந்தைத் தொட்டார் என்று காட்டும் படம். முக்கால்வாசி மைய வட்டத்திலேயே. அதாவது கோல் வாங்கி, பந்தை நடுவில் கொண்டுபோய் வைத்து, மறுபடி ஆட்டத்தைத் தொடங்கி வைத்ததுதான் அவர் அன்றைக்குச் செய்த வேலை என்று கிண்டல்.

அதற்கு மேலே நான் எழுதியிருந்தது: "எங்க தெருவில் பள்ளம் தோண்டி வெச்சிருக்கிற ஆரஞ்சு கூம்பு இவரைவிட அதிகமா நகருது. நேத்து ஒரு நாய் தள்ளி விட்டுச்சு."

நல்ல லைக். எனக்கே அன்றைக்குப் பெருமையாக இருந்திருக்கும். கூம்பு என்ற பட்டம் என் கண்டுபிடிப்பும் இல்லை, பிரேசில்காரர்களே அந்த உலகக் கோப்பை முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் தெருவையும் நாயையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பதிவை இப்போது படித்ததும் சிரிப்பு வரவில்லை. நடுவில் இத்தனை வருடத்தில் பிரேசில் உள்ளூர் லீகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்க்கப் பழகிவிட்டேன். அங்கே ஃப்ரெட் என்ற பெயருக்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

அந்த மைய வட்டத்திலிருந்தே சொல்கிறேன். ஃப்ரெட் முதன்முதலில் பேர் வாங்கியதும் மைய வட்டத்தில்தான். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் தெயோஃபிலோ ஓட்டோனி என்ற ஊர்க்காரர். 2003இல் அமெரிக்கா மினெய்ரோ கிளப்பின் இளைஞர் அணியில், 19 வயதில், சாவ் பாவ்லோ ஜூனியர் கோப்பையில் ஆடுகிறார். விசில் ஊதியதும் கூட இருந்தவன் பந்தை மெல்லத் தட்டிக் கொடுக்க, இவர் நடுக்கோட்டிலிருந்தே ஓங்கி ஒரு உதை. எதிரணி வில நோவாவின் கோல்கீப்பர் முன்னால் வந்து நின்றிருந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. 3.17 விநாடி. பிரேசிலின் அதிவேக கோல் என்று அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள். அதே வட்டத்தில் பதினோரு வருடம் கழித்து அவர் பந்தை எடுத்து எடுத்து வைத்ததைத்தான் நாம் படம் போட்டுச் சிரித்தோம்.

அங்கிருந்து குருசேரோ கிளப். 2005 கோப்பா தோ பிரேசில், அதாவது பிரேசில் கிளப்புகளின் நாக்அவுட் கோப்பை, அந்த ஒரே தொடரில் 14 கோல். உடனே ஐரோப்பா, பிரான்ஸின் லியோன். அப்போது லியோன் பிரெஞ்சு லீகை வருடாவருடம் குத்தகைக்கு எடுத்த மாதிரி ஜெயித்துக்கொண்டிருந்த காலம். தொடர்ந்து ஏழு பட்டங்களில் கடைசி மூன்று, 2006, 2007, 2008, ஃப்ரெட் இருந்தபோது வந்தவை. ஃப்ரீகிக்குக்குப் பேர்போன சக ஆட்டக்காரர் ஜூனின்யோ அதை அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். 2006 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் உள்ளே வந்தார். ராபின்யோ அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்ப, அதைத் தட்டிவிட்டு கோல். சரியான இடத்தில் நிற்பது என்பதுதான் அவர் தொழில்.

அப்புறம் லியோனுக்குள்ளேயே ஒரு பையன் வளர்ந்து வந்தான். பெயர் கரீம் பென்சிமா. அவனோடு போட்டி போட்டு பெஞ்சுக்குப் போனதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

2009இல், 25 வயதில், ஃப்ரெட் பிரேசிலுக்குத் திரும்பிவிட்டார். ரியோவின் ஃப்ளுமினென்ஸ் கிளப்.

எனக்கு ஆதங்கம் தொடங்குவது இங்கேதான். ஐரோப்பாவிலிருந்து ஒரு பிரேசில்காரன் சீக்கிரம் ஊர் திரும்பினால், "அவன் கதை முடிந்தது" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொன்னவன்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பையன் இரண்டு வருடத்தில் திரும்பி வந்தால் "என்னப்பா, ஏதாவது பிரச்சனையா?" என்று தெருவே விசாரிக்குமே, அந்தக் கண்ணோடுதான் பந்தாட்டத்தையும் பார்க்கிறோம். ஊரில் அவன் ஒரு கடை வைத்து நன்றாக இருக்கிறான் என்பது நம் கணக்கிலேயே வராது. ஐரோப்பிய ஆட்டம் நம் டிவியில் வருகிறது, பிரேசில் லீக் ஆட்டம் வருவதில்லை அல்லது விடியற்காலையில் வருகிறது. அதனால் அங்கே நடப்பது நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நடந்ததைக் கேளுங்கள். அவர் வந்த 2009இல் ஃப்ளுமினென்ஸ் கீழ் டிவிஷனுக்குப் போகும் நிலையில் இருந்தது. சும்மா ஆபத்து இல்லை. கீழே இறங்குவதற்கான வாய்ப்பு 98 சதவீதத்துக்கு மேல் என்று கணக்குப் போடுகிறவர்கள் எழுதிவிட்டார்கள். பாதி சீசனில் காயம் பட்டுக் கிடந்த ஃப்ரெட் கடைசிக் கட்டத்தில் திரும்பி வந்து அடித்த கோல்களோடு அந்த அணி ஒவ்வொரு ஆட்டமாக மேலே ஏறியது. கடைசி நாள் குரிச்சிபா நகரில், தங்களைப் போலவே விளிம்பில் நின்ற கொரிச்சிபா அணியோடு 1-1 டிரா. ஃப்ளுமினென்ஸ் பிழைத்தது, கொரிச்சிபா இறங்கியது. இறங்கிய அணியின் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து அடிதடி. ஃப்ளுமினென்ஸ் அணிக்கு "போர்வீரர்கள் அணி" என்று பெயர் வந்தது அந்த வருடம்தான்.

ஒரு வருடம் கழித்து, அதே கிளப் பிரேசில் சாம்பியன். 1984க்குப் பிறகு முதல் தடவை. நேர்மையாகச் சொன்னால் 2010 பட்டத்தில் அர்ஜென்டினாக்காரர் கொன்காவின் பங்குதான் பெரியது, ஃப்ரெட் அடிக்கடி காயத்தில் இருந்தார். ஆனால் 2012 பட்டம் முழுக்க அவர் முத்திரை. லீகில் 20 கோல், அந்த வருடம் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. பட்டம் உறுதியானது பல்மெய்ராஸுக்கு எதிரான ஆட்டத்தில். 2-0 என்று முன்னால் இருந்து, 2-2 ஆகி, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃப்ரெட் அடித்து 3-2. இன்னும் மூன்று ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே கோப்பை கைக்கு வந்துவிட்டது.

அப்புறம்தான் தேசிய அணிக்காக 2013 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை, உலகக் கோப்பைக்கு முந்தைய வருடம் பிரேசிலில் நடந்த ஒத்திகைத் தொடர். நாட்டில் தெருவெல்லாம் போராட்டம், உள்ளே பந்தாட்டம். ரியோவின் மரக்கானா மைதானத்தில் இறுதி ஆட்டம், எதிரே உலக சாம்பியன் ஸ்பெயின். இரண்டாவது நிமிடம். சக ஆட்டக்காரர் ஹல்க் வலப்பக்கத்திலிருந்து பந்தை உள்ளே அனுப்புகிறார். நெய்மாரும் ஃப்ரெட்டும் ஸ்பெயின் டிஃபெண்டர்களும் ஒரே குவியலாகத் தடுமாற, ஃப்ரெட் தரையில் விழுகிறார். பந்தும் அவர் பக்கத்திலேயே விழுகிறது. மற்றவன் என்றால் பெனால்டி கேட்டுக் கையைத் தூக்கியிருப்பான். இவர் படுத்தபடியே வலது காலைக் கொக்கி மாதிரி வளைத்து ஒரு தள்ளு. ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸ் பார்க்கப் பார்க்க உள்ளே போனது. இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொன்று. 3-0. தொடரில் மொத்தம் ஐந்து கோல், இத்தாலிக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் உருகுவேக்கு எதிராக ஒன்று உட்பட.

அந்தப் படுத்துக்கொண்டு அடித்த கோலை இன்று மறுபடி மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கூம்பாம்!

சரி, அதே ஆள் ஒரே வருடத்தில் எப்படி மரமானார்? காரணம் ஒன்றில்லை. 2013 பிற்பாதியில் தொடைத் தசைக் காயத்தில் மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். ஃப்ளுமினென்ஸ் மறுபடி சரிந்தது. போர்ச்சுகீஸா என்ற அணி, தடை விதிக்கப்பட்ட ஒருவரை ஆட வைத்ததற்காகப் புள்ளி பறிபோனதால்தான் இவர்கள் தப்பித்தார்கள். உடம்பு பழைய வேகத்துக்கு வராமலே உலகக் கோப்பைக்கு வந்தார். அவருக்குப் பதிலாக வைக்க ஆளும் இல்லை. நல்ல ஃபார்மில் இருந்த டியேகோ கோஸ்தா, பிறந்த பிரேசிலை விட்டுவிட்டு ஸ்பெயினுக்கு ஆடுவதாக முடிவெடுத்திருந்தார். மிச்சம் இருந்த ஸ்ட்ரைக்கர் ஜோ என்பவர் மட்டும்தான்.

இதையெல்லாம் விட முக்கியம், ஃப்ரெட் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள் இல்லை. பாக்ஸுக்குள் பந்து வந்தால் அதை கோலாக்குவது அவர் வேலை. 2013இல் அணி முழுக்க மேலே ஏறி நெருக்கியதால் பந்து வந்தது. 2014இல் பயிற்சியாளர் ஸ்கோலாரியின் அணியில் நடுக்களம் காணாமல் போயிருந்தது. பின்னாலிருந்து டேவிட் லூயிஸ் நெடுந்தூரம் தூக்கி அடிப்பார், நெய்மார் ஏதாவது மாயம் செய்வார், அவ்வளவுதான் திட்டம். தண்ணீர் வராத குழாயடியில் குடத்தோடு நிற்கிறவரைப் பார்த்து "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்ட மாதிரி.

அவர் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. குரோஷியாவுக்கு எதிராகத் தோளில் கை பட்டதும் அவர் விழுந்து வாங்கிய பெனால்டி எனக்கு இன்றும் பிடிக்காது. மீசை வைத்துக்கொண்டு வந்து கேமரூனுக்கு எதிராக அடித்த ஒரே ஒரு கோலைத் தவிர, அந்தத் தொடரில் அவர் பேர் சொல்ல எதுவும் செய்யவில்லை.

ஆனால் ஜெர்மனி அடித்த ஏழில் எதற்கு ஸ்ட்ரைக்கர் பொறுப்பு? 29 நிமிடத்துக்குள் ஐந்து கோல் விழுந்தபோது அவர் நின்றது எதிர்ப்பக்கக் கோலுக்கு அருகே. அப்படியும் மைதானம் அவரைத்தான் தேர்ந்தெடுத்து ஊளையிட்டது. இரண்டாம் பாதியில் அவரை வெளியே எடுத்தபோது இன்னும் பெரிதாக. அது எந்த மைதானம்? பெலோ ஹொரிசோன்ட்டேயின் மினெய்ராவ். அவர் பிறந்த மாநிலம், குருசேரோவுக்காக கோல் மழை பொழிந்த அதே புல்தரை. உலகக் கோப்பை முடிந்ததும் தேசிய அணியிலிருந்து விலகிக்கொண்டார்.

நம்மைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது. அவரோ கிளப்புக்குத் திரும்பிப் போய் ஆடினார். அந்த 2014 சீசன் முடிவில் பிரேசில் லீகின் அதிக கோல் யாருடையது? ஃப்ரெட், 18 கோல். நான் கூம்பு என்று எழுதி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு இது தெரியவே பல வருடம் ஆயிற்று.

ஃப்ளுமினென்ஸ் ரசிகர்கள் அவரைக் கைவிடாததற்கு அவர்கள் குணமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். அந்தக் கிளப்புக்கு "அரிசி மாவு" என்று ஒரு பழைய வசை உண்டு. 1914இல் கலப்பின ஆட்டக்காரர் ஒருவர், கார்லோஸ் ஆல்பெர்த்தோ, முகத்தில் பவுடர் பூசி நிறத்தை மறைத்ததாக எதிரணி ரசிகர்கள் கத்திய கிண்டல். அது சவரத்துக்குப் பிறகு போடும் பவுடர்தான் என்பது கிளப் தரப்பு. எதுவாக இருந்தாலும், பிற்காலத்தில் ரசிகர்கள் அந்த வசையையே எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஆட்டங்களில் அணி உள்ளே வரும்போது மூட்டை மூட்டையாக வெள்ளைப் பவுடரை வீசுவார்கள். கேலரி முழுக்க மாவு மில் மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் போய்க் கூம்பு என்றால் அவர்களுக்கு உறைக்குமா?

2016இல் அட்லெடிகோ மினெய்ரோ, பிறகு அதன் பரம எதிரி குருசேரோ. 2016இலும் அதிக கோல் அடித்தவர்களில் ஒருவர், அது மூன்றாவது முறை. 2018இல் குருசேரோவோடு கோப்பா தோ பிரேசில் ஜெயித்தார். ஆனால் 2019இல் குருசேரோ தன் சரித்திரத்திலேயே முதல் தடவையாகக் கீழ் டிவிஷனுக்குப் போனபோதும் அவர் அணியில் இருந்தார். அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்குண்டு.

2020இல், கொரோனா நேரத்தில், ஃப்ளுமினென்ஸ் திரும்ப அழைத்தது. வயது 36. பெலோ ஹொரிசோன்ட்டேயிலிருந்து ரியோவுக்கு விமானத்தில் போகவில்லை, சைக்கிளில் கிளம்பிவிட்டார். சுமார் 600 கிலோமீட்டர், மலைச்சாலை. சாப்பாட்டுக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு மளிகைச் சாமான் சேர்ப்பதற்காக அந்தப் பயணம். விளம்பரம் என்று யாராவது சொல்லலாம். சொல்லுங்கள், தொப்பூர் கணவாயில் ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

மொத்தத்தில் பிரேசிலின் முதல் டிவிஷனான சீரி ஆவில் 158 கோல். அவர் ஓய்வு பெற்றபோது பட்டியலில் அவருக்கு மேலே இருந்தது ஒரே ஒருவர், 190 அடித்த ரொபேர்த்தோ டினமிச்சி. ரொமாரியோகூடக் கீழே.

ஃப்ளுமினென்ஸுக்கு மட்டும் 382 ஆட்டம், 199 கோல். அந்த 199ஆவது 2022 ஜூலை 2 அன்று கொரிந்தியன்ஸுக்கு எதிராக வந்தது. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து அடித்தார், அடித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அடுத்த வாரம் சியாராவுக்கு எதிராக மரக்கானாவில் வழியனுப்பும் ஆட்டம். அரங்கம் நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் வேண்டியிருந்தது ஒரே ஒரு கோல், 200. அது வரவில்லை. அணி 2-1 என்று ஜெயித்தது, அவர் 199இலேயே நின்றார்.

அந்த ஆட்டத்தின் தேதி ஜூலை 9. என் கூம்புப் பதிவுக்கு அன்றைக்குச் சரியாக எட்டு வயது.