சொல்லியிருக்கலாமே

யாராவது தற்கொலையால் இறந்துபோனால் அஞ்சலிப் பதிவுக்குக் கீழே தவறாமல் வந்துவிடும்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." கல்லூரி நண்பன் ஒருவன் போனபோது நானும் அதைத்தான் எழுதினேன். அன்றிரவு அவனுடைய பழைய மெசேஜ்களைத் தேடிப் படித்தேன். சொல்லித்தான் இருந்தான். "தூக்கமே வரலடா." ரெண்டு வாரம் கழித்து, "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்." அதற்கு நான் ஒரு சிரிப்பு ஈமோஜி போட்டு, "லூசு, போய்ப் படு" என்று அனுப்பியிருந்தேன்.

அதனாலேயே செப்டம்பர் 10 வந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். 2003லிருந்து அது உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நான் இருக்கேன்" என்று டைம்லைன் நிறையும். நல்ல மனசோடுதான் போடுகிறார்கள். ஆனால் பல் துலக்க எழுந்திருக்கவே தெம்பில்லாதவர், தான் பாரம் என்றே நம்பிக்கொண்டிருப்பவர், போனை எடுத்துக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிட வேண்டியது நாம் இல்லையா?

ஜெரோம் மோட்டோ என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். மன அழுத்தத்தாலும் தற்கொலை எண்ணத்தாலும் மருத்துவமனையில் சேர்ந்து, பிறகு சிகிச்சையே வேண்டாம் என்று விலகிவிட்ட 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வருடம் அவ்வப்போது சின்னக் கடிதம் போனது. நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அவ்வளவுதான். அறிவுரை கிடையாது, மாத்திரை சாப்பிட்டாயா என்ற விசாரணை கிடையாது. கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு வருடங்களில் அந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. மனசு மாறிவிடும் என்று யாரையும் உட்காரவைத்து மூன்று மணி நேரம் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் (என் சித்தப்பா உட்பட) இதைப் படிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்கு அந்தக் கேள்வியே மூச்சுவிட இடம் கொடுக்கிறது. "ஆமா" என்றால் பதறவோ திட்டவோ வேண்டாம். தனியாக விடாமல், ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைத்துவிட்டு, மருத்துவரிடம் கூடவே போங்கள். அந்த உந்துதல் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அதைக் கடத்திவிட்டால் சிகிச்சைக்கு நேரம் கிடைக்கிறது.

"உனக்கென்னடா குறை" மட்டும் வேண்டாம். குறை என்று எதையும் காட்ட முடியாததால்தான் அவர் வாயே திறப்பதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கே அப்படித் தோன்றிக்கொண்டிருந்தால், இன்றைக்கே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமோ உதவி எண்ணிலோ "எனக்கு முடியல" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் இப்போது ஐந்து பேருக்கு மாதம் ஒரு வரி அனுப்புகிறேன். "ஞாபகம் வந்துச்சு. பதில் போடணும்னு இல்ல." அதில் ஒருவரிடமிருந்து நாலு மாதமாகச் சத்தமே இல்லை. போன வாரம் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.